அரைப்புள்ளியைக் கவனிக்காத இரவு

சென்னையில் கேப்ஷன் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் திரையின் அடியில் வரும் வசனங்களை எழுதி, ஒவ்வொன்றும் எந்த நொடியில் வர வேண்டும் என்று குறிப்பதுதான் வேலை. ஒரு மணி நேர ஆவணப்படம் ஒன்றை முடித்து, முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்பினேன்.

மறுநாள் நைட் ஷிஃப்டுக்கு வந்தபோது அது திரும்பி வந்திருந்தது. தொடக்கத்தில் வசனங்கள் உதட்டோடு ஒட்டி வந்தன. போகப்போக முந்திக்கொண்டன. கடைசிக் காட்சியில், பேசுகிறவர் வாயைத் திறப்பதற்கு ஏறக்குறைய 3.6 நொடி முன்பே அவர் சொல்லப்போவது திரையில் வந்து நின்றது.

எங்கள் பிரிவின் மூத்தவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோபப்படவில்லை. "டைம்கோடைப் பாரும்மா. கடைசி ரெண்டு எண்ணுக்கு முன்னாடி என்ன குறி இருக்கு?"

டைம்கோடு என்பது வீடியோவின் ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது ஒவ்வொரு படத்துக்கும், மணி, நிமிடம், நொடி, ஃபிரேம் என்ற வரிசையில் இடும் எண். வீடியோவில் அந்த இடத்தில் அரைப்புள்ளி (;) இருந்தது. என் கோப்பில் முக்காற்புள்ளி (:).

"நொடிக்கு எத்தனை ஃபிரேம்?"

"30 சார்."

"29.97. அது ஏன்னு புரிஞ்சுக்கிட்டா இந்தத் தப்பு மறுபடி வராது." கையிலிருந்த வேலையை ஒதுக்கிவிட்டு அரை மணி நேரம் பேசினார். அப்புறம் நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்கா 1941இல் தன் தொலைக்காட்சிக்கு அளவு வகுத்தபோது அது முழு எண்தான். நொடிக்கு 30 படம், படத்துக்கு 525 கோடு. அந்நாட்டு மின்சாரம் நொடிக்கு 60 சுற்று. அதோடு ஒத்துப்போக ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாதியாக்கி, நொடிக்கு 60 பாதிகளாக அனுப்பினார்கள். அந்த ஆண்டு ஜூலை 1 அன்று நியூயார்க்கில் வர்த்தக ஒளிபரப்பு தொடங்கியது. முதல் விளம்பரம் புலோவா கைக்கடிகாரத்துக்கு. நொடிகளை எண்ணிப் பிழைக்கிற எனக்கு, அது கடிகார விளம்பரமாக இருந்ததில் தனி மகிழ்ச்சி.

போர் முடிந்ததும் பெட்டிகள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. அடுத்து வண்ணம் வர வேண்டும். 1950இல் அரசு முதலில் ஏற்றுக்கொண்டது சிபிஎஸ் நிறுவனத்தின் முறையை. கேமராவுக்கு முன்னால் வண்ணத் தட்டு ஒன்று சுழலும். நிறம் அருமையாக வந்ததாம். ஆனால் மக்கள் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகளில் அந்த ஒளிபரப்பு கறுப்பு வெள்ளையாகக்கூடத் தெரியாது. 1951 ஜூனில் தொடங்கியது அக்டோபரிலேயே நின்றுபோனது.

பிறகு ஆர்சிஏ உள்ளிட்ட பல நிறுவனங்களின் பொறியாளர்கள் கூடி வேறு வழி கண்டார்கள். பழைய அலைக்குள்ளேயே வண்ணத்துக்கான தகவலை ஒளித்து வைப்பது. வண்ணப் பெட்டி அதைப் பிரித்தெடுக்கும், பழைய பெட்டி கண்டுகொள்ளாது. இதிலும் ஒரு சிக்கல் இருந்தது. வண்ணத்தின் அலை 3.58 மெகாஹெர்ட்ஸ், ஒலியின் அலை 4.5 மெகாஹெர்ட்ஸ். இரண்டும் உரசினால் படத்தில் புள்ளிகள் ஊரும். ஒலியைச் சிறிது தள்ளி வைத்தால் தீர்ந்தது. ஆனால் வீடுகளில் இருந்த பெட்டிகளெல்லாம் 4.5இல் ஒலியைப் பிடிக்கும்படி செய்யப்பட்டவை. அப்படி இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள்! ஒலியில் அவர்கள் கை வைக்கவில்லை. மாறாக, படத்தின் வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். 30 என்பது 29.97 ஆனது. 1953 டிசம்பர் 17 அன்று அரசு ஒப்புதல் கொடுத்தது. எந்த வீட்டிலும் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மாதத் தவணையில் ஒரு பெட்டி வாங்கியிருந்த குடும்பம் அதைத் தூக்கி எறிய வேண்டி வரவில்லை. தங்கள் புதுக் கருவியைவிட அடுத்தவர் வீட்டுப் பழைய பெட்டியைப் பெரிதாக நினைத்த அந்தப் பொறியாளர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

அந்தக் குறைவு நாங்கள் ஃபிரேம்களை எண்ணும்போதுதான் கண்ணில் படும். நொடிக்கு 30 என்று எண்ணினால் ஒரு மணி நேரத்தில் 108 ஃபிரேம் பிசகும். அதாவது 3.6 நொடி. அதைச் சரிக்கட்ட ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் இரண்டு எண்களைத் தாண்டி எண்ண வேண்டும், 0, 10, 20 என்று பத்துப் பத்தாக வரும் நிமிடங்களில் மட்டும் தாண்டக் கூடாது. 54 முறை இரண்டிரண்டாகத் தாண்டினால் சரியாக 108. கோயிலில் 108 முறை சுற்றி வந்து பழகிய எனக்கு அதன் பிறகு இந்தக் கணக்கு மறக்கவே இல்லை. இப்படித் தாண்டி எண்ணிய டைம்கோடு என்பதற்கு அடையாளம்தான் அந்த அரைப்புள்ளி.

அன்று இரவே கோப்பு முழுவதையும் மாற்றி, கடைசி வசனம்வரை ஓட்டிப் பார்த்து அனுப்பினேன்.

2009 ஜூன் 12 அன்று அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டன. யாருக்காக வேகத்தைக் குறைத்தார்களோ அந்தப் பெட்டிகள் இன்று அருங்காட்சியகங்களில்தான் இருக்கின்றன. எனக்கு வரும் கோப்புகளில் இன்றும் 29.97தான். என் குழுவில் புதிதாகச் சேருகிறவர்களிடம் முதல் நாளே கேட்டுவிடுகிறேன்: "கடைசி ரெண்டு எண்ணுக்கு முன்னாடி என்ன குறி இருக்கு?"