கேரவன் டயர் வெடித்த பிறகு: காப்பீட்டுக் கிளையும் எடை மேடையும்

"டயருக்கெல்லாம் கிளெய்ம் வராதுங்க" என்று சொல்லி, காப்பீட்டு நிறுவனக் கிளையின் ஊழியர் எங்கள் விண்ணப்பத்தைப் படித்துக்கூடப் பார்க்காமல் திருப்பித் தந்தார். ஈரோட்டிலிருந்து பொள்ளாச்சிக்குக் காரின் பின்னால் எங்கள் கேரவனை, அதாவது இரண்டே சக்கரத்தில் ஓடும் வீட்டுவண்டியை, இழுத்துச் சென்றபோது, விஜயமங்கலம் சுங்கச்சாவடியைத் தாண்டி, செங்கப்பள்ளி வருவதற்கு முன்பாகவே அதன் வலப்பக்க டயர் வெடித்துவிட்டது. காரை ஓட்டிய என் மச்சான் பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்ததால்தான் வண்டி கவிழாமல் சாலையோரம் வந்து நின்றது. ஆனாலும் கிழிந்த ரப்பர் சுழன்று அடித்ததில் சக்கரத்துக்கு மேலிருந்த தகடு பிய்ந்தது, தரைப்பலகை உடைந்தது, பின்விளக்கு ஒயர்கள் அறுந்தன.

வழக்கமான மோட்டார் பாலிசியில், டயர் மட்டும் பழுதானால் இழப்பீடு கிடையாது; அதே நேரத்தில் வண்டியும் சேதமடைந்திருந்தால், புது டயரின் விலையில் 50 சதவீதம் வரை தரவேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அந்த வரியைக் காட்டிய பிறகு ஊழியர் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார். ஆனால் அதைக் காரின் பாலிசி எண்ணில் பதிவு செய்துவிட்டார். கேரவனுக்குத் தனி ஆர்.சி., தனி பாலிசி. இரண்டையும் விண்ணப்பத்தோடு இணைத்தே கொடுத்திருந்தும், "காரில் சேதம் எதுவும் இல்லை" என்று எழுதி, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் கோப்பை மூடிவிட்டார். மறுபடியும் கிளைக்குப் போனபோதும் அந்த ஊழியர், "டயருக்கு வராதுன்னு அன்னைக்கே சொன்னனுங்களே" என்றார். அப்படியானால் மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டோம். அதுவரை அசையாத கோப்பு அன்று மாலையே சரியான எண்ணுக்கு மாறியது. வாய்வார்த்தையாகச் சொல்லப்படும் மறுப்பை ஏற்றுக்கொண்டு யாரும் வீட்டுக்குத் திரும்பவேண்டாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வெடித்த டயரை எக்காரணம் கொண்டும் கைவிட்டுவிடக் கூடாது. பஞ்சர் கடைக்காரர் அதைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். நாங்கள் சம்மதிக்காமல் கேரவனுக்குள்ளேயே போட்டு எடுத்துவந்தோம். இரண்டாம் முறை வந்த சர்வேயர் முதலில் கேட்டது அந்த டயரைத்தான்.

பணத்தைவிட எங்களை அதிகம் உறுத்தியது வேறு ஒரு கேள்வி. புறப்படும் முன்பு, டயர் குளிர்ந்திருந்த நேரத்தில் காற்றை அளந்திருந்தோம், சரியாகவே இருந்தது. வேகமும் 70-ஐத் தாண்டவில்லை. டயரும் பழையதன்று. பிறகு ஏன் வெடித்தது? பழுது பார்த்தவர்கள் எல்லாரும் "வெயிலுங்க" என்ற ஒரே சொல்லோடு முடித்துக்கொண்டார்கள். வெயில் மட்டுமே காரணமென்றால் சித்திரை மாதத்தில் கொங்கு நாட்டில் ஒரு வண்டியும் ஓட முடியாது.

விடை டயரின் பக்கச்சுவரிலேயே இருந்தது. அதில் 165/80 ஆர் 14 85டி என்று அச்சாகியிருந்தது. இதில் 85 என்பது சுமைக் குறியெண். ஒரு டயர் அதிகபட்சம் 515 கிலோவைத் தாங்கும் என்பது அதன் பொருள். அதாவது, இரண்டு டயருக்கும் சேர்த்து 1,030 கிலோ. கேரவனைக் கட்டிக் கொடுத்த பட்டறை, தான் அடித்த தகட்டில் மொத்த எடை 1,200 கிலோ என்று பொறித்துவிட்டு, சக்கரத்துக்குச் சிறிய காரின் டயரைப் போட்டிருந்தது.

உண்மையான எடையை அறியச் சாமான்களையும் தண்ணீரையும் நிரப்பிக்கொண்டு பெருந்துறைப் பக்கம் ஓர் எடை மேடைக்குப் போனோம். காரை மேடைக்கு வெளியே நிறுத்தி, கேரவனின் சக்கரங்களை மட்டும் ஏற்றியபோது 1,130 கிலோ காட்டியது. ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஏற்றி எடை பார்க்கவேண்டும் என்றதும் மேடைக்காரர், "அப்படியெல்லாம் ரசீது வராதுங்க தம்பி" என்று மறுத்தார். ரசீது வேண்டாம், எண்ணை மட்டும் பார்த்துக்கொள்கிறோம் என்று கேட்டு ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தோம். வலச் சக்கரத்தில் 620 கிலோ, இடச் சக்கரத்தில் 510. தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, அடுப்பு மேடை மூன்றையும் பட்டறை வலப்பக்கமே வைத்திருந்தது. 515 கிலோ தாங்கும் டயரின் மேல் நூறு கிலோவுக்கு மேல் கூடுதலாக ஏறியிருக்கிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் வளையும் இடம் சூடேறுவதைப் போல, அளவுக்கு மீறிய சுமையில் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடாகிறது. அந்தச் சூட்டில் உள்ளிருக்கும் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. காற்று குறைந்தாலும் இதே கதிதான். மொத்த எடையை மட்டும் பார்த்திருந்தால் ஒரு பக்கச் சாய்வு தெரிந்தே இருக்காது.

அடுத்தது டயர் தேடல். ஈரோட்டில் ஏறிய கடைகளில் எல்லாம் "இதுக்குக் கார் டயரே தாராளமுங்கண்ணா" என்றார்கள். ஒரு கடையில் சிறிய சரக்கு வண்டிகளுக்கு வரும் எல்டி டயரை எடுத்து வைத்தார்கள். முள் ரப்பர்கூட உதிராமல் பளபளவென்று இருந்தது. ஆனால் பக்கச்சுவரில் உற்பத்தித் தேதியின் நான்கு இலக்கங்கள் 3119 என்றிருந்தன. 2019-ஆம் ஆண்டின் 31-ஆம் வாரத்தில் செய்தது. "ஓடாத டயருக்கு ஏதுங்க வயசு?" என்றார் கடைக்காரர். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் இறுகி வெடிப்பு விடும். கேரவன் டயர் பெரும்பாலும் தேய்ந்து தீர்வதில்லை, வயதாகித்தான் தீர்கிறது. பிரிட்டனில் கேரவன் வைத்திருப்போரை 5 ஆண்டில் மாற்றச் சொல்கிறார்கள், 7 ஆண்டுக்கு மேல் ஓட்டவே கூடாது என்கிறார்கள். அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

கடைசியில் லாரிக்காரர்களின் ஊரான சங்ககிரிக்குப் போனோம். அங்கே ஒரு கடைப் பெரியவர் கேட்ட முதல் கேள்வியே, "ஒத்தைச் சக்கரத்துக்கு என்ன எடை வருதுங்க?" என்பதுதான். அலைந்த அலைச்சலுக்கெல்லாம் அந்த ஒரு கேள்வி மருந்தாக இருந்தது. 165 ஆர் 14 எல்டி, சுமைக் குறியெண் 97, அதாவது 730 கிலோ, அண்மையில் செய்தது. ஸ்டெப்னியையும் சேர்த்து மூன்றையும் மாற்றினோம். ரிம்முக்கும் சுமை வரம்பு உண்டு என்று சொல்லி அதில் அடித்திருந்த எண்ணையும் அவரே பார்த்தார். சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ காற்றழுத்தத்துக்கு மேல் ஆகாது என்பதால் உலோக வால்வு போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பேட்டரியை இடப்பக்கம் மாற்றினோம். எதையும் வால்பக்கம் தள்ளவில்லை, தள்ளினால் ஓட்டத்தில் கேரவன் ஆடும். புது டயர் போட்டு சுமார் 50 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்கவேண்டும். பெட்ரோல் பங்குகளில் காற்றுப் பிடிப்பவர்கள் கார் டயர் என்று நினைத்து 35 பிஎஸ்ஐக்கு இறக்கிவிடுவார்கள், பக்கத்திலேயே நிற்கவேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடித் தெரிவது இயல்பு, அதைப் பார்த்துக் காற்றை இறக்கக் கூடாது.

காப்பீட்டுத் தொகை வந்துவிட்டது. டயருக்குப் பாதி விலை, தகடு பலகைக்குத் தேய்மானம் போக மீதி. பட்டறையிலிருந்துதான் இன்னும் பதில் இல்லை. இதே டயரோடு அவர்கள் கட்டிக் கொடுத்த கேரவன்கள் வேறு சிலவும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒற்றை அச்சு வண்டி வைத்திருப்பவர்கள், டயரில் 85 என்றிருந்தால், அடுத்த பயணத்துக்கு முன் சாமான்களோடு எடை மேடைக்குப் போய் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக ஏற்றிப் பாருங்கள்.