கிணற்றடித் தகரம்

2025 ஏப்ரல் 12, சனி

யாழ்ப்பாணத்து வசாவிளான் சந்தியிலிருந்து பலாலி விமானத்தளப் பக்கம் போகும் வீதியை, இத்தனை வருடம் மூடிவைத்திருந்த படை திறந்து இரண்டு நாள் ஆகிறது. இன்று மனிசியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். காலை ஆறு மணி முதல் மாலை ஐந்து மணி வரைதான் போகலாம். நடக்கக் கூடாது, நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. 1990 ஜூனில் சண்டை தொடங்க, மாட்டை அவிழ்த்துவிட்டு இதே வீதியால் நடந்து போனோம். அப்போது அரை நாள் எடுத்தது. இன்று சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. ஒரு மரத்தைக்கூட அடையாளம் பிடிக்க முடியவில்லை.

"நீங்கள் முன்னுக்குப் பாருங்கோ, நான் பாக்கிறன்" என்றாள். அவளுக்கும் பிடிபடவில்லை. அவள் கொக்குவில்காரி, அவளைக் குறை சொல்ல முடியாது.

2025 ஏப்ரல் 15, செவ்வாய்

வருடப்பிறப்புக்கு அடுத்த நாள் கிணற்றுக்குள் இறங்குவது நல்லதில்லை என்று அக்கா சொன்னா. பெடியனுக்கு இன்றுதான் நேரம் என்றபடியால் இறங்கினான்.

எங்கள் வளவு சில வருடங்களுக்கு முன்பே கைக்கு வந்துவிட்டது. வீடு இல்லை, அத்திவாரம் மட்டும் இருக்கிறது. கிணறு இருக்கிறது என்றுதான் சொல்லவேண்டும், அதற்குள் பாதி வளவே கிடந்தது. கல், ஓடு, முள்ளுக்கம்பி, ஒரு கதிரைக்கால் என்று ஒவ்வொன்றாய் வந்தது. பதினொரு மணி போல ஒரு தகரம் வந்தது. பெடியன் அதைத் தொட்டதும் கையை எடுத்துவிட்டு மேலே பார்த்தான். கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் பார்த்துச் சுத்தம் என்று சொன்ன காணிதான். ஆனாலும் இங்கே எந்த இரும்பையும் முதலில் யாரும் இரும்பாக மட்டும் பார்ப்பதில்லை.

இது இரும்பும் இல்லை, அலுமினியம். இரண்டரை அடி நீளம், ஓர் ஓரம் கிழிந்திருக்கிறது. ஓரத்தில் நெருக்கமாக றிவெற் ஆணிகள். உட்பக்கம் வெளிறிய பச்சைப் பூச்சு. ஸ்பீக்கர் காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை.

"பிளேனின்ரை துண்டு" என்றா அக்கா. ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

2025 ஏப்ரல் 17, வியாழன்

இரவு நித்திரை வரவில்லை. எந்த விமானம் என்பதுதான் யோசனை.

நாற்பது வருடம் எஞ்சின் திருத்தியவனுக்குக் காதுதான் கண். கெலி, அதுதான் ஹெலிகொப்டர், வந்தால் நெஞ்சில்தான் முதலில் தெரியும். சியாமாசெட்டி என்ற சின்னக் குண்டு விமானம் தையல் மெஷின் போல. சகடை என்று நாங்கள் சொன்ன குண்டு விமானம் மெதுவாக, பாரமாக வரும். வரும் வரைக்கும் பங்கருக்குள் இருந்து ஒரு தேவாரமே பாடி முடிக்கலாம். புக்காரா 1993க்குப் பிறகு. கிபிர் 1996இல் வந்தது, அதற்குச் சத்தம் கேட்டபின் ஓடிப் பலனில்லை. ஆர்ஜென்டினாவிலும் இஸ்ரேலிலும் செய்ததை ஒழுங்கையில் கோலி விளையாடிய பெடியள் சத்தத்தை வைத்தே பெயர் சொன்னார்கள்.

அவ்ரோ என்ற இரண்டு எஞ்சின் விமானம் மட்டும் வேறு. அதன் றோல்ஸ்ரொய்ஸ் டார்ட் எஞ்சினுக்குக் கூர்மையான ஒரு கீச்சுச் சத்தம் உண்டு. ஒருமுறை கேட்டவன் மறக்க மாட்டான்.

2025 ஏப்ரல் 20, ஞாயிறு

இந்த விமானத்தளம் எங்களுடைய யுத்தத்துக்காகக் கட்டியது இல்லை. இரண்டாம் உலகப்போரில் வெள்ளைக்காரன் போட்டது. 1945இல் அவர்களின் விமானப்படையின் 203ஆம் ஸ்குவாட்ரனின் லிபரேட்டர்கள் என்ற நாலு எஞ்சின் விமானங்கள் இங்கிருந்துதான் கடலுக்கு மேலே போய்வந்தன. காங்கேசன்துறை என்றுதான் அவர்கள் கணக்கில் பெயர். சண்டை முடிந்து, 1947 டிசம்பர் 10இல் எயார் சிலோனின் முதல் பறப்பு, ஒரு டக்கோட்டா, இரத்மலானையிலிருந்து இங்கே இறங்கித்தான் மதராசுக்குப் போனது. அப்பா அதைச் சொல்லும்போது தானே ஓட்டிக்கொண்டு போன மாதிரிச் சொல்வார்.

அவ்ரோவும் முதலில் பயணிகளுக்குத்தான் வந்தது. கொழும்பிலிருந்து மாமா ஒருமுறை அதில் வந்து, தந்த இனிப்பைத் தின்னாமல் எங்களுக்குக் கொண்டுவந்தார். எயார் சிலோனின் அந்த அவ்ரோ 1978 செப்டெம்பர் 7இல் இரத்மலானையில் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து போன ஆட்கள் இறங்கிவிட்டிருந்தார்கள், உயிர்ச்சேதம் இல்லை. பிறகு எங்கள் காதுக்கு அவ்ரோ என்றால் விமானப்படைதான்.

துண்டு லிபரேட்டராகவும் இருக்கலாமோ? எண்பது வருடம் மண்ணில் கிடந்தால் அலுமினியம் வெள்ளையாய்ப் பொரிந்திருக்கும். இது அவ்வளவு பழையது இல்லை.

2025 ஏப்ரல் 28, திங்கள்

முப்பது வருடம். 1995 ஏப்ரல் 28 ஒரு வெள்ளிக்கிழமை.

அரசுக்கும் புலிகளுக்கும் இடையிலான சண்டை நிறுத்தம் முறிந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. பலாலிப் பக்கம் அவ்ரோ ஒன்று விழுந்துவிட்டது என்று என் திருத்தக் கடைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். உடனே வாதம் தொடங்கியது. நான் எஞ்சின் கோளாறு என்றேன். சூட்டு நாள், பாரம் கூட, பழைய மெஷின், கிளம்பும்போது ஓர் எஞ்சின் இழுக்காவிட்டால் கதை முடிந்தது. பெரிய நியாயவாதி மாதிரி ஸ்பனரை ஆட்டி ஆட்டி விளக்கினேன். மறுநாள் இன்னொரு அவ்ரோ விழுந்தது. அதோடு என் விளக்கம் முடிந்தது. தோளில் வைத்து அடிக்கும் ஏவுகணை வந்துவிட்டது என்று அன்றிரவு சைக்கிள் டைனமோவை மிதித்து மிதித்து றேடியோவில் கேட்டோம்.

அந்த ஏவுகணை சூட்டைத்தான் தேடிப் போகும். விமானம் ஆகக் குறைந்த வேகத்திலும் உயரத்திலும் இருப்பது கிளம்பும்போதும் இறங்கும்போதும்தான்; கிளம்பும்போது எஞ்சினும் உச்சமாகச் சூடாகியிருக்கும். திரும்பவும் முடியாது, ஒளியவும் முடியாது. தரைவழி இல்லாத குடாநாட்டில் படைக்கு ஆளையும் பண்டத்தையும் ஏற்றி இறக்க இருந்தது அந்த ஒரு ஓடுபாதையும் கடலும்தான்.

இரண்டு நாளும் சேர்த்துச் செத்தவர்கள் தொண்ணூறுக்கு மேல். நாங்கள் கைதட்டினோம். நானும்தான். கடைக்குள் நின்ற ஒருவர் சோடா வாங்கிக் கொடுத்தார், குடித்தேன். இதை எழுதாமல் மற்றதை மட்டும் எழுதினால் இது நாட்குறிப்பு இல்லை.

2025 ஏப்ரல் 30, புதன்

நேற்று எழுதவில்லை.

அந்த வருடத்தின் மிச்சம்: ஜூலை 9 நவாலித் தேவாலயத்தில் விமானப்படையின் குண்டு. ஒரு கிழமைக்குள் ஒரு புக்காரா சுட்டு வீழ்த்தப்பட்டது. அதற்கும் கைதட்டல், இம்முறை காரணம் கேட்க ஆள் இல்லை. ஒக்டோபர் 30 இரவு, படை நெருங்க, குடாநாட்டின் மேற்கில் இருந்த முழு வலிகாமத்துச் சனமும் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தது. நவம்பர் 22 விமானப்படையின் அன்ரனோவ்-32 ஒன்று பலாலிக்குப் பக்கத்துக் கடலில் விழுந்து 63 பேர் போனார்கள். அந்தச் செய்தி சாவகச்சேரியில் தறப்பாளுக்குக் கீழே வந்தது. மழை. அம்மாவுக்குக் காய்ச்சல். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

2025 மே 3, சனி

இன்று துண்டைப் பற்றி ஒன்றுமில்லை. ஒரு பம்ப்பைப் பற்றி.

1998இல் தரைவழி பூட்டு. கொழும்புக்குப் போக கப்பல், இல்லாவிட்டால் லயன் எயார் விமானம். வாடிக்கையாளர் ஒருவர், பெயர் வேண்டாம், மிளகாய்த் தோட்டத்து மண்ணெண்ணெய்ப் பம்ப்பைத் தந்துவிட்டு, "வந்து எடுக்கிறன் தம்பி, அவசரமில்லை" என்று போனார். செப்டெம்பர் 29, செவ்வாய்க்கிழமை. பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய லயன் எயார் 602, ஓர் அன்ரனோவ்-24, மன்னார்க் கடலுக்கு மேலே காணாமல் போனது. 48 பயணிகள், 7 பணியாளர்கள்.

இம்முறை உள்ளே இருந்தவர்கள் எங்கள் சனம். கடையில் யாரும் எஞ்சின் கோளாறா வேறா என்று வாதாடவில்லை. எனக்குள் மட்டும் ஓடியது. கோளாறாக இருக்கவேண்டும் என்று விரும்பினேன், ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

பம்ப்பைத் திருத்தி வைத்தேன். ஒருவரும் வரவில்லை. கொண்டுபோய்க் கொடுக்கவும் கால் வரவில்லை, கொடுத்தால் அவர் வரமாட்டார் என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிடும். 2012இல் இரணைதீவுப் பக்கம் கடலடியில் உடைவுகளைக் கண்டுபிடித்தார்கள். எடுத்த உடுப்புகளை யாழ்ப்பாணத்தில் பரப்பிவைத்து அடையாளம் காட்டச் சொன்னார்கள். பதினாலு வருடம் உப்புத் தண்ணீரில் கிடந்த சேலையும் சேட்டும். அந்தக் கிழமைதான் பம்ப்பை லான்ட்மாஸ்ரர் உழவு மெஷினில் ஏற்றிக்கொண்டு போனேன். அவருடைய மனிசி கூலி எவ்வளவு என்று கேட்டா. 1998ஆம் ஆண்டு விலையைச் சொன்னேன், 350 ரூபா. தந்தா.

2025 மே 6, செவ்வாய்

உள்ளூராட்சித் தேர்தல். வாக்குப் போட்ட கையோடு, முன்பு பஸ்களுக்குக் கூடு கட்டிய பழைய கூட்டாளியைக் கூட்டிக்கொண்டு வளவுக்குப் போனேன். தகரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் றிவெற்றைச் சுரண்டினார்.

"உது பஸ் கூரை, ஐசே."

"பச்சைப் பூச்சு?"

"பச்சை பெயின்ற் பலாலியிலை மட்டுமே விக்கிறது? விமானத்து றிவெற் தோலோடை தோலாய்ப் படுத்திருக்கும், காத்துத் தடக்கப்படாது. இது பார், கொப்புளம் மாதிரி நிக்குது."

எல்லா விமானத்திலும் அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். முப்பது வருடத்துக்கு முன் ஸ்பனரை ஆட்டியது ஞாபகம் வந்தது. பேசாமல் இருந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துச் சென்னை விமானம் எங்கள் தலைக்கு மேலால் இறங்கியது. ஏடிஆர், இரண்டு எஞ்சின், டார்ட்டைப் போலக் கீச்சிடாது. இரண்டு பேரும் கழுத்தை நிமிர்த்தி அது மறையும் வரை பார்த்தோம். பங்கர் இருந்த பக்கம் நான் ஓர் அடி எடுத்து வைத்ததை அவர் கண்டாரோ தெரியாது.

2025 மே 8, வியாழன்

அக்காவிடம் பஸ் என்று சொன்னேன். "அவனுக்கென்ன தெரியும்" என்றா. ஒழுங்கை முழுக்கச் சொல்லியாகிவிட்டதாம், ஆட்கள் பார்க்க வருகிறார்களாம், ஒரு பெடியன் போனில் படமும் எடுத்தானாம்.

சோளகக் காற்று தொடங்கிவிட்டது, கோழிக்கூட்டின் ஓலை பறக்கிறது. தகரத்தின் கிழிந்த ஓரத்தை மடித்து அடித்துக் கூட்டுக்கு மேலே போட்டேன். அளவு சரியாக இருக்கிறது. நடுவில் ஒரு துளை, மழைக்கு முன் அடைக்கவேண்டும்.