கொடைக்கானலில் ஒரு டேஞ்சன்ட் கால்வனாமீட்டர்

கொடைக்கானல் காந்த நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் இங்கே புவிக்காந்தப் புலம் கிட்டத்தட்டப் படுக்கையாகவே ஓடும்; கிடைத்தளக் கூறு சுமார் 40 மைக்ரோடெஸ்லா. மின்னோட்டம் ஓடும் கம்பிச் சுருளின் புலத்தால் திசைகாட்டி ஊசியைத் திருப்பி, திரும்பிய கோணத்திலிருந்து இந்தக் கூறை அளக்கும் கருவிதான் டேஞ்சன்ட் கால்வனாமீட்டர். இந்தச் சோதனைக்கு இது தோதான இடம்.

சட்டத்துக்கு 20 செ.மீ. விட்டமுள்ள மர எம்பிராய்டரி வளையம். அதன் திருகு இரும்பாக இருந்தால் கழற்றிவிட்டு நூலால் கட்டுங்கள். 22 கேஜ் எனாமல் செம்புக் கம்பி 7 மீட்டர், 10 சுற்று. ஐந்தாம் சுற்றில் ஒரு முனை வெளியே. முனைகளில் எனாமலை உப்புத்தாளால் நன்றாகச் சுரண்ட வேண்டும், மின்னோட்டத்தை அளக்கும் மல்டிமீட்டர் துள்ளுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். 6 வோல்ட் பேட்டரியோடு 10 ஓம், 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் தொடராக. அது சூடேறும் என்பதால் சில விநாடிகளே ஸ்விட்சைப் போடுங்கள்.

வளையத்தைச் செங்குத்தாக, வடக்கு தெற்காக நிறுத்தி, திசைகாட்டியை மிகச்சரியாக மையத்தில் வைக்கவும். திசைகாட்டி சிறியதாக இருப்பது முக்கியம்: மையத்தை விட்டு விலகினால் புலம் சீராக இராது. ஐரோப்பாவுக்கெனச் சமன் செய்த ஊசி இங்கே தெற்கு முனை தாழ்ந்து கண்ணாடித் தட்டில் உரசும். அதை வாங்காதீர்கள்.

10 செ.மீ. ஆரம், 10 சுற்று என்றால் மையத்தில் ஆம்பியருக்கு 62.8 மைக்ரோடெஸ்லா. 0.61 ஆம்பியரில் ஊசி ஒரு பக்கம் 46, மின்னோட்டத்தைத் திருப்பினால் 42 டிகிரி, சராசரி 44. சுருளின் புலத்தை இந்தக் கோணத்தின் டேஞ்சன்ட்டால் வகுத்தால் கிடைத்தளக் கூறு 39.7 மைக்ரோடெஸ்லா வருகிறது. இரு பக்கமும் எடுக்காமல் விட்டால், வளையம் சற்றுத் திரும்பியிருப்பதன் பிழை அப்படியே விடைக்குள் போய்விடும்.

மலை வீட்டில் பெரிய தொந்தரவு தகரக் கூரையும் இரும்புக் கட்டிலும். மரமேசையை முற்றத்துக்குக் கொண்டுபோனால் ஊசி நிதானமாகும். பேட்டரிக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் முறுக்கிவிடுங்கள். எதிரெதிரே ஓடும் மின்னோட்டங்களின் புலங்கள் ஒன்றையொன்று அழிக்கும். மொபைலைத் தள்ளி வையுங்கள்.

பகலில் நம் தலைக்கு மேல் சுமார் 100 கி.மீ. உயரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. வலக்கை விதிப்படி கீழே அதன் புலம் வடக்கு நோக்கியது, அதாவது கிடைத்தளக் கூறோடு கூடுகிறது. 0.1 மைக்ரோடெஸ்லா அளவுதான், இந்த ஊசியில் தெரியாது.

அடுத்து ஐந்து சுற்று முனைக்கு மாற்றி, மின்னோட்டத்தை 0.61-லேயே வைக்க வேண்டும். கோணம் பாதியாகி 22 ஆகும் என்று எதிர்பார்க்காதீர்கள். பாதியாவது டேஞ்சன்ட், ஊசி 26 அருகே நிற்க வேண்டும்.