மூங்கிலில் ஓர் ஊசித்தட்டான்: ஆறாவது வாரம்

இறக்கைக்குப் பட்டு ஒட்டி முடித்தாயிற்று. முதல் தடவை இடது இறக்கை முறுக்கிக்கொண்டது. பிரித்து மறுபடி ஒட்டியதில் மூன்று மாலைகள் போயின.

நான் செய்துகொண்டிருப்பது ‘தெமுவாசெல்’ என்ற குட்டி விமானத்தின் மாதிரி, பத்தில் ஒரு பங்கு அளவில். பிரேசிலில் பிறந்த சாந்தோஸ் துமோன் பாரிஸில் உருவாக்கிய விமானம் இது. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு இளம்பெண் என்றும் பொருள், ஊசித்தட்டான் என்றும் பொருள். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று அவர் விட்டுவிட்டதால், 1910-இல் ‘பாப்புலர் மெக்கானிக்ஸ்’ இதழில் இதன் வரைபடங்களே வந்தன.

எத்தனையோ விமானங்கள் இருக்க இதை எடுத்ததற்குக் காரணம் பிரெஞ்சு விமானி ரோலான் கரோஸ். டென்னிஸ் மைதானத்தின் பெயராகத்தான் பலருக்கும் அவரைத் தெரியும். எனக்கோ முதல் உலகப் போருக்கு முந்தைய கரோஸ்தான் பிடிக்கும். 1888-இல் ரீயூனியன் தீவில், செயின்ட் டெனியில் பிறந்தார். நம்மவர்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போன அதே தீவு. சின்ன வயது வியட்நாமின் சைகோனில் கழிந்தது. படிக்க பிரான்சுக்கு அனுப்பினார்கள், அங்கே நிமோனியா. தேறுவதற்காகக் கான் நகரில் இருந்தபோது சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். 1906-இல் பள்ளிகளுக்கு இடையிலான சைக்கிள் போட்டியில் பட்டமே வாங்கினார். அப்புறம் பாரிஸில் வணிகப் படிப்பு, கார் விற்பனை. 1909 ஆகஸ்டில் ரெய்ம்ஸ் நகரில் நடந்த விமான விழாவைப் பார்த்ததும் மனசு மாறிவிட்டது. சீக்கிரமே ஒரு தெமுவாசெல் வாங்கிவிட்டார்.

சரி, வேலைக்கு வருகிறேன். அசல் விமானத்தின் உடம்பு மூன்று நீள மூங்கில்கள்தான். என் மாதிரிக்கு மெல்லிய சிம்பு வேண்டும். முதலில் நான் பிளந்ததெல்லாம் பாதியில் ஒரு பக்கமாக ஓடிப் போனது. கூடை முடையும் பெரியவர் ஒருவர் என் கையிலிருந்து கத்தியை வாங்கிக் காட்டினார். “நுனியிலிருந்து அடிக்குப் பிளங்க தம்பி. கீறல் ஒரு பக்கம் ஓடுச்சுன்னா, தடிச்ச பக்கத்தை வளைச்சுப் பிடிங்க, தானா நடுவுக்கு வரும்.” வந்தது! அன்று சாயங்காலமே பதினோரு சிம்புகள் தேறின.

பட்டு விஷயத்தில் தப்பு என்னுடையது. அக்காவின் பழைய பட்டுத் துணியை விறைப்பாக இழுத்து ஒட்டி, அதன் மேல் சோற்றுக் கஞ்சி பூசினேன். கஞ்சி காயும்போது துணி இன்னும் சுருங்கும் என்பது உறைக்கவில்லை. காலையில் பார்த்தால் இறக்கையின் பின் ஓரம் அப்பளம் மாதிரி மேலே எழும்பியிருந்தது. இரண்டாம் முறை துணியைத் தளர்வாக ஒட்டி, தண்ணீர் தெளித்து, பலகையில் குண்டூசியால் அடக்கி வைத்த பிறகுதான் கஞ்சி. அதுவும் நீர்க்கக் கரைத்து இரண்டு பூச்சு. இப்போது விரலால் தட்டினால் உடுக்கை மாதிரி ஒலிக்கிறது.

இந்த வாரம் எனக்குப் பிடித்த வேலை இறக்கையைத் திருகும் கயிறுதான். தெமுவாசெலில் ஓட்டுபவர் இறக்கைக்குக் கீழே, சக்கரங்களுக்கு நடுவே உட்காருவார். எஞ்சின் தலைக்கு மேலே. இறக்கையை முறுக்கும் நெம்புகோல் அவர் முதுகுப் பக்கம், சட்டையோடு சேர்ந்திருக்கும். விமானம் இடப்பக்கம் சரிந்தால் உடம்பு தானாக வலப்பக்கம் சாயும். அந்தச் சாய்வே கயிற்றை இழுத்து இறக்கையை நிமிர்த்தும். ஒற்றை இருக்கை என்பதால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆளும் கிடையாது. சைக்கிளில் உடம்பைச் சாய்த்தே பழகிய பையனுக்கு இந்த வண்டி எவ்வளவு பொருந்தியிருக்கும் என்பது கயிறு கட்டும்போதுதான் எனக்குப் புரிந்தது. 1910 ஜூலையில் கரோஸுக்கு 147-ஆம் எண் விமானி உரிமம் கிடைத்தது. மூன்றே வருடத்தில், 1913 செப்டம்பர் 23 அன்று, தெற்குப் பிரான்சின் ஃப்ரேஜூஸிலிருந்து கிளம்பி மத்தியதரைக் கடலைத் தாண்டி துனிசியாவின் பிசெர்த்தில் இறங்கினார். நடுவே எங்கும் இறங்காமல் 7 மணி 53 நிமிடம். அது வேறு விமானம், மொரான் சோல்னியே நிறுவனத்துடையது.

நேற்று ராத்திரி மெழுகு தடவிய நூலை இறக்கையின் இரு ஓரத்திலிருந்தும் இருக்கைக்குக் கொண்டுவந்து கட்டினேன். தக்கையில் செதுக்கிய ஆளை உட்காரவைத்து, மெதுவாக வலப்பக்கம் சாய்த்தேன். இடது இறக்கையின் பின் ஓரம் இரண்டு மில்லிமீட்டர் கீழே இறங்கியது. விட்டதும் திரும்பி வந்தது. தூங்கப் போவதற்குள் இருபது தடவையாவது சாய்த்துப் பார்த்திருப்பேன்.

அடுத்து சக்கரம். ஆரக்கால்களுக்கு மீன் தூண்டில் நரம்பு வாங்கி வைத்திருக்கிறேன்.