மவுண்ட் ஹேகனில் லோடு கணக்கு

பப்புவா நியூ கினியின் மலைநாட்டுக்கு ஹெலிகாப்டர் ஓட்ட வரும் புதியவர்கள் பெரும்பாலும் மேகத்தைத்தான் விசாரிப்பார்கள். என்னைக் கேட்டால் முதலில் படிக்க வேண்டியது லோடு கணக்கு, அதாவது எவ்வளவு எடை ஏற்றலாம் என்ற கணக்கு.

மவுண்ட் ஹேகன் விமான நிலையம் சுமார் 5,400 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்கு நியம வெப்பநிலை, அதாவது கையேட்டுக் கணக்குகளுக்கு அடிப்படையாக வைத்த வெப்பநிலை, 4 டிகிரி. நண்பகலில் 25 டிகிரி என்றால் 21 டிகிரி கூடுதல். டிகிரிக்கு 120 அடி வீதம் 2,500 அடியைச் சேர்த்தால், ரோட்டரும் இன்ஜினும் 7,900 அடி உயரத்தின் மெலிந்த காற்றில் இருப்பதுபோல வேலை செய்கின்றன. ஈரப்பதத்தால் இன்னும் சில நூறு அடி ஏறும். கையேட்டு அட்டவணைகளில் பெரும்பாலும் அது சேராது. காலையில் தூக்கிய எடை மதியம் அதே இடத்தில் எழும்பாமல் போவது இதனால்தான்.

கணக்கை இறங்கும் இடத்துக்குத்தான் போட வேண்டும். சரிவில் மரக்கட்டைகளை அடுக்கிச் செய்த சிறு திடலில், கீழே தள்ளிய காற்று தரையில் பட்டு ஹெலிகாப்டரைத் தாங்கும் உதவி கிடைக்காது. ஆகவே அந்தத் தரை விளைவு இல்லாத ஹோவர் (ஒரே இடத்தில் மிதந்து நிற்பது) அட்டவணையையே பாருங்கள். போய்ச் சேர்ந்ததும் திடலின் உயரத்திலேயே ஒரு சுற்று பறந்து, டார்க் (ரோட்டரைச் சுழற்றும் இன்ஜின் விசை) எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிட்டு இறங்கலாம். போதாது என்றால் திரும்பிவிட வேண்டும். உயர்ந்த மரங்களுக்கு நடுவே பின்காற்றோடு, வேகம் குறைந்து, நிமிடத்துக்கு 300 அடிக்கு மேல் இறங்கினால் ரோட்டர் தான் கீழே தள்ளிய காற்றின் சுழலுக்குள்ளேயே விழும். அப்போது மேலே ஏறுவதற்கான நெம்புகோலான கலெக்டிவை இழுத்தால் இறக்கம் இன்னும் மோசமாகும்.

மூட்டைகளைத் தராசில் போடாமல் ஏற்றாதீர்கள். மழையில் நனைந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு மூட்டையின் எடையைக் கண்ணால் மதிப்பிடவே முடியாது.

எடையைக் குறைக்க எரிபொருளைக் குறைத்துக்கொண்டு, திடலில் வைத்திருக்கும் டிரம்மை நம்பிப் போவது இங்கே வழக்கம். ஒரு டிரம்மில் உள்ள 200 லிட்டர் ஜெட் ஏ-1 எரிபொருள் சுமார் 160 கிலோ, ஏ.எஸ்.350 பி3 ரக ஹெலிகாப்டருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் வரும். நிமிர்த்தி வைத்த டிரம்மின் மேல்விளிம்பில் மழைநீர் தேங்கும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது மூடி வழியாக அந்த நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் படுக்கவைத்து, இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில், எரிபொருளுக்குக் கீழே இருக்கும்படி வையுங்கள். எடுப்பதற்கு முன் நிமிர்த்தி, ஒரு பக்கம் கட்டை கொடுத்துச் சாய்த்துத் தெளியவிடுங்கள். பம்ப் குழாயை மேடான பக்கத்தில், அடியிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் மேலே நிறுத்துங்கள். அடியில் மிஞ்சுவதை ஆசைப்பட்டு எடுக்க வேண்டாம். நிலைமின்சாரப் பொறி எழாதபடி டிரம், பம்ப், ஹெலிகாப்டர் மூன்றையும் கம்பியால் இணைத்த பிறகே நாசிலைத் திறக்க வேண்டும். எரிபொருளில் நீர் இருக்கிறதா என்று காட்டும் ஷெல் கேப்சூலில் மஞ்சள் தாள் பச்சையாகவோ நீலமாகவோ மாறினால் அந்த டிரம்மைத் தொடாதீர்கள்.

அப்படி ஒதுக்கினாலும் திரும்பி வர வழி வேண்டும். மதியத்துக்குள் மலை இடைவெளிகளை மேகம் மூடிவிடும், சுற்றுவழி நீளம். எனவே டிரம் இல்லாமலே அருகிலுள்ள ஓடுதளத்தை எட்டும் அளவு எரிபொருளை டேங்கில் வைத்துக்கொண்டு, மிச்ச எடைக்குத்தான் சரக்கு ஏற்ற வேண்டும்.