எஸ்பிரசோ மெஷின் வாங்குமுன்: கிரைண்டருக்கு முதலில் பணம் எடுத்து வையுங்கள்

முப்பதாயிரத்திலிருந்து எண்பதாயிரம் ரூபாய்க்குள் வீட்டுக்கு ஒரு எஸ்பிரசோ மெஷின் தேடுகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை பார் (அழுத்தத்தின் அளவு) என்பது. அட்டைப்பெட்டியில் 15 பார், 20 பார் என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். அதைப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். இந்த விலையில் வரும் மெஷின்களில் இருப்பது அநேகமாக வைப்ரேஷன் பம்ப். தண்ணீர் வெளியேற வழியே இல்லாமல் அடைத்துவிட்டால் அது எவ்வளவு அழுத்தம் கொடுக்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. காபித்தூள் மேல் வேண்டியது 9 பார். அதற்கு மேல் போகாமல் தடுக்க உள்ளே ஒரு ஓபிவி வால்வு இருக்கிறதா, அதை எத்தனை பாருக்கு வைத்து அனுப்புகிறார்கள் என்று கேட்டால் கேள்வி சரி.

அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது, முடிந்தால் பாதியையே, கிரைண்டருக்கு ஒதுக்கிவிடுங்கள். மீதியில்தான் மெஷின். எஸ்பிரசோ இறங்கும் நேரத்தை மெஷின் தீர்மானிப்பதில்லை, தூளின் பதம்தான் தீர்மானிக்கிறது. கடையில் பில்டர் பதத்துக்கு அரைத்துத் தரும் தூள் இதற்குப் போதாது, இன்னும் நைஸாக வேண்டும். எவ்வளவு நைஸ் என்பது கொட்டைக்குக் கொட்டை மாறும், பாக்கெட் பிரித்து நாள் ஆக ஆகவும் மாறும். அதனால் வீட்டிலேயே, மிக நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கிற வசதியோடு அரைக்க வேண்டும். மிக்ஸியில் அரைத்தால் பொடியும் குருணையும் கலந்தே வரும். அதை வைத்து எந்த மெஷினிலும் ஒன்றும் நடக்காது.

கையால் சுற்றுகிற கிரைண்டர்களில் கிங்ரைண்டர் கே6 ஒரு கிளிக்குக்கு 16 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நகரும். ஒன்ஸீபிரெஸ்ஸோ ஜே-அல்ட்ரா 8 மைக்ரான். இரண்டுமே எஸ்பிரசோவுக்கு ஆகும். இரண்டாவது சின்னச் சின்னதாக நகர்வதால் அதில் பதம் பிடிப்பது எளிது. மின்சாரத்தில் ஓடுவது வேண்டுமென்றால் பராட்ஸா என்கோர் ஈஎஸ்பி, டிஎஃப்54 போன்றவை. தினமும் இரண்டு கப்தான் என்றால் கைக்கிரைண்டரே போதும் என்பது என் கட்சி. ஒரு டோஸ் அரைக்க ஒரு நிமிடத்துக்குப் பக்கத்தில் ஆகும், கை சற்று வலிக்கும், மிச்சமாகும் பணம் மெஷினுக்குப் போகும்.

மெஷினுக்குள்ளேயே கிரைண்டர் வைத்து வருபவை இருக்கின்றன, பிரெவில் பாரிஸ்டா எக்ஸ்பிரஸ் மாதிரி. இடம் மிச்சம்தான். ஆனால் ஒன்று பழுதானால் இரண்டையும் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டும். கிரைண்டரை மட்டும் பிற்பாடு நல்லதாக மாற்ற நினைத்தாலும் பழையது மெஷினோடு ஒட்டிக்கொண்டே இருக்கும்.

இனி மெஷின். முதலில் பாஸ்கெட்டைப் பாருங்கள். தூள் போடும் அந்தச் சல்லடைக் கிண்ணம் இரண்டு விதமாக வரும். ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் அடி முழுக்க நூற்றுக்கணக்கான ஓட்டைகள் தெரியும். இரட்டைச் சுவர் என்றால் உள்ளே ஓட்டைகள் இருக்கும், ஆனால் வெளியடியில் ஒரே ஒரு ஊசிமுனை ஓட்டை. இரண்டாவது வகையில் அழுத்தத்தை உண்டாக்குவது தூள் அல்ல, அந்த ஊசி ஓட்டைதான். எந்தத் தூளைப் போட்டாலும் நுரை மாதிரி ஒன்று மேலே நிற்கும், குடித்தால் உள்ளே சரக்கு இருக்காது. டெலாங்கி டெடிகா இப்படிப்பட்ட பாஸ்கெட்டோடுதான் வரும். அதற்கு 51 மி.மீ. ஒற்றைச் சுவர் பாஸ்கெட் தனியாக வாங்கிப் போடலாம். போட்டால், அகலம் வெறும் 15 செ.மீ. உள்ள அந்த மெஷின் தன் விலைக்கு நன்றாகவே வேலை செய்யும்.

பாஸ்கெட்டின் விட்டமும் முக்கியம். 58 மி.மீ. என்பது கடைகளில் ஓடும் பெரிய மெஷின்களின் அளவு. பாஸ்கெட், தூளை அழுத்தும் டேம்பர், ரப்பர் வாஷர் எல்லாம் எங்கேயும் கிடைக்கும். காஜியா கிளாசிக், ரான்சிலியோ சில்வியா இரண்டும் 58. பிரெவில் பாம்பினோ 54, லெலிட் அன்னா 57. சின்ன விட்டத்தால் காபி கெட்டுப்போகாது. உதிரிபாகம் தேடும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

அடுத்தது, தண்ணீரை எப்படிச் சூடாக்குகிறது. மொத்தத் தேர்வும் இங்கேதான் தீர்மானமாகிறது.

பாம்பினோ, டெடிகா போன்றவற்றில் பாய்லர் கிடையாது. தெர்மோபிளாக் என்ற சூடான உலோகத்துக்குள் மெல்லிய குழாய் வழியே தண்ணீர் ஓட ஓடச் சூடாகும். பாம்பினோ 3 நொடியில் தயார் என்கிறார்கள், அது உண்மைதான். ஆனால் மெஷின் சூடாகியிருக்கும், பாஸ்கெட்டைத் தாங்கும் கைப்பிடியான போர்ட்டாஃபில்டர் ஜில்லென்றே இருக்கும். அந்த உலோகம் தண்ணீரின் சூட்டை உறிஞ்சிவிடும், முதல் கப் புளிக்கும். தூள் போடாமல் ஒருமுறை வெந்நீரை ஓடவிட்டு, போர்ட்டாஃபில்டரையும் கப்பையும் சூடாக்கிக்கொண்டு தொடங்கினால் இந்தக் குறை தீரும். காலையில் அவசரமாகக் கிளம்புகிறவர்களுக்கு இந்த வகைதான் தோது.

காஜியா கிளாசிக்கும் சில்வியாவும் ஒற்றை பாய்லர் மெஷின்கள். 1991இல் வந்த கிளாசிக்கின் பாய்லர் சின்னது, ஏறக்குறைய 100 மி.லி.; வெகுகாலம் அலுமினியத்தில் வந்தது, ஈ24 என்ற புது வகையில் பித்தளை. 1997இல் வந்த சில்வியாவில் 300 மி.லி. பித்தளை பாய்லர். இரண்டையும் ஆன் செய்து 20 நிமிடமாவது விட்டால்தான் மேலிருந்து கீழ்வரை சூடு பரவும். விளக்கு எரிந்துவிட்டதே என்று ஐந்தாவது நிமிடத்தில் போட்டால் காபி நன்றாக வராது.

இவற்றில் சூட்டைக் கட்டுப்படுத்துவது சாதாரண தெர்மோஸ்டாட். அது ஒரு புள்ளியில் ஹீட்டரை அணைக்கும், நன்றாக ஆறிய பிறகே மறுபடி போடும். இடையில் 10 டிகிரிக்கு மேல்கூட ஏறி இறங்கும். 90க்கும் 96க்கும் இடையில் நிற்க வேண்டிய தண்ணீருக்கு இது பெரிய ஆட்டம். இதைச் சமாளிக்க ஒரு வழி உண்டு. கொஞ்சம் வெந்நீரை வெளியே விடுங்கள், ஹீட்டர் ஓடத் தொடங்கும். அது அணைந்த கணத்திலிருந்து தினமும் ஒரே இடைவெளி, உதாரணத்துக்கு 30 நொடி, எண்ணிவிட்டு ஷாட் (ஒருமுறை இறக்கும் எஸ்பிரசோ) போடுங்கள். கசந்தால் இடைவெளியை நீட்டுங்கள், புளித்தால் குறையுங்கள். இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்றால், சூட்டை ஆடாமல் பிடித்து வைக்கும் பிஐடி என்ற மின்னணுக் கட்டுப்பாடு வைத்த மெஷின் வாங்குங்கள். லெலிட் அன்னாவின் பிஐடி மாடலில் 250 மி.லி. பித்தளை பாய்லர் உண்டு, சூட்டை எண்ணாகவே வைத்துக்கொள்ளலாம். நன்கு கறுக்க வறுத்த கொட்டைக்கு 90 பக்கம், இளவறுவலுக்கு 94 பக்கம் என்று தொடங்கிப் பாருங்கள்.

பால் காபிதான் வேண்டும், அதுவும் வீட்டில் நாலு பேருக்கு என்றால் ஒற்றை பாய்லர் பொறுமையைச் சோதிக்கும். ஷாட் போட்டு, ஸ்டீம் சுவிட்சைத் தட்டி, பாய்லர் 140 டிகிரிக்குப் பக்கம் ஏறும்வரை நின்று, பாலை நுரைத்து, அடுத்த ஷாட்டுக்கு மறுபடி ஆறவைக்க வேண்டும். ஸ்டீம் முடிந்ததும் வெந்நீர் வழியைத் திறந்து பம்பை ஓடவிட்டுத் தண்ணீர் நிரப்புவதை மட்டும் விடாதீர்கள். ஆறவைப்பது ஒரு காரணம்; ஆவியாகிப் போனதால் உள்ளே தண்ணீர் மட்டம் இறங்கியிருக்கும், வறண்ட பாய்லரில் ஹீட்டர் எரிந்தால் ஹீட்டரே போய்விடும் என்பது இன்னொன்று. பால் ஃபிரிட்ஜிலிருந்து நேராக வரட்டும். ஆவின் பச்சையில் 4.5 சதவீதக் கொழுப்பு, ஆரஞ்சில் 6; பச்சையே நன்றாக நுரைக்கும். 60 முதல் 65 டிகிரியில் நிறுத்துங்கள். பாத்திரத்தின் அடியில் உள்ளங்கையை வைக்க முடியாமல் போகிற இடம் அதுதான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டபரா நிறைய, சிக்கரி மணத்தோடு, டிகாஷன் காபிதான் உங்கள் மனதில் இருக்கிறதென்றால் பித்தளை பில்டரை விட்டு வராதீர்கள். எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் இந்த மெஷின் அந்தக் காபியைத் தராது. சிக்கரி கலந்த தூளை இதில் போடவும் கூடாது. சிக்கரி தண்ணீர் பட்டதும் பசைபோல ஆகி வழியை அடைக்கும், சல்லடையில் பிசுக்காகத் தங்கும்.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது மூன்று வழி சோலினாய்டு வால்வு. ஷாட்டை நிறுத்தியதும் மிச்ச அழுத்தத்தை அது கீழ்த் தட்டுக்குள் விட்டுவிடும். "புஸ்" என்று ஒரு சத்தம் கேட்கும், தூள் அடை காய்ந்து வரும். அது இல்லாத மெஷினில் உடனே போர்ட்டாஃபில்டரைக் கழற்றினால் வெந்நீரும் தூளும் முகத்தில் அடிக்கும். அரை நிமிடம் காத்திருந்துதான் கழற்ற வேண்டும். கிளாசிக்கிலும் சில்வியாவிலும் இந்த வால்வு உண்டு. வால்வு உள்ளவற்றில் மட்டும்தான் ஓட்டையில்லாத பாஸ்கெட் போட்டுப் பின்னோட்டமாகக் கழுவலாம். அரை ஸ்பூன் கிளீனிங் பவுடர், பம்ப் 10 நொடி ஆன், 10 நொடி ஆஃப், இப்படி ஐந்து முறை. பிறகு பவுடர் இல்லாமல் அதே மாதிரி இன்னொரு சுற்று. மாதம் ஒருமுறை போதும்.

மெஷின் வந்ததும் செய்ய வேண்டியது இதுதான். 0.1 கிராம் காட்டும் தராசு ஒன்று வாங்குங்கள், இது தவிர்க்க முடியாது. 18 கிராம் பாஸ்கெட் என்றால் 18 கிராம் போட்டு, மெல்லிய ஊசியால் கட்டி இல்லாமல் கிளறி, சாயாமல் நேராக அழுத்துங்கள். கப்பைத் தராசின்மேல் வைத்து, பம்ப் ஓடத் தொடங்கியதிலிருந்து நொடி எண்ணுங்கள். 36 கிராம் 25 முதல் 30 நொடிக்குள் வர வேண்டும். 15 நொடியிலேயே வெளிறிய நிறத்தில் கொட்டிவிட்டால் தூள் பருமன், நைஸாக்குங்கள். 15 நொடி ஆகியும் ஒரு சொட்டுகூட விழாவிட்டால் ரொம்ப நைஸ். எடையைத் தொடாதீர்கள், அழுத்தத்தைத் தொடாதீர்கள், கிரைண்டரை மட்டும் நகர்த்துங்கள். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது சரி செய்தது என்று தெரியாது. நேரம் சரியாக வந்தும் புளிப்பும் கசப்பும் சேர்ந்தே அடித்தால் தண்ணீர் ஓரமாகவோ விரிசல் வழியாகவோ ஓடிவிட்டது என்று அர்த்தம். தூளைப் பரப்புவதிலும் நேராக அழுத்துவதிலும்தான் குறை. வறுத்து ஒரு வாரத்துக்கு மேல், ஒரு மாதத்துக்குள் உள்ள கொட்டையாக வாங்குங்கள். பாக்கெட்டில் வறுத்த தேதி போடாத கொட்டையை வைத்துக்கொண்டு பதம் பிடிக்க முயல்வது வீண் வேலை.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊர் போர்வெல் மெஷினுக்கு எமன். உப்பு படிந்து குழாய் அடைபட்டால் பாய்லர் மெஷினைத் திறந்து சுத்தம் செய்யலாம், தெர்மோபிளாக்கின் மெல்லிய குழாயைச் சுலபத்தில் திறக்க முடியாது. மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் கடினத்தன்மைச் சோதனைச் சொட்டு மருந்தில் உங்கள் ஆர்ஓ தண்ணீரைப் பாருங்கள். லிட்டருக்கு 50 மி.கி. சுற்றி இருந்தால் அப்படியே ஊற்றலாம். அதைவிட நிச்சயமான வழி, காய்ச்சி வடித்த நீரில் லிட்டருக்கு 100 மி.கி. பொட்டாசியம் பைகார்பனேட் சேர்ப்பது. 10 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து வைத்துக்கொண்டு, மெஷினில் ஊற்றும் லிட்டர் ஒவ்வொன்றுக்கும் அதில் 10 மி.லி. விட்டால் கணக்கு சரி. உப்பு படியவே படியாது.

மின்சாரம் பற்றி யாரும் சொல்வதில்லை. 1,560 வாட் பாம்பினோ 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 6.8 ஆம்பியர் இழுக்கும். சமையலறையில் சாதாரண 6 ஆம்பியர் பாயின்ட்டில் செருகினால் பிளக் சூடாகி உருகவும் கூடும். 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓடாது. அமெரிக்காவிலிருந்து யாராவது வரும்போது வாங்கிவரச் சொல்லலாம் என்ற யோசனையையும் கைவிடுங்கள். அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. வைப்ரேஷன் பம்பின் துடிப்போ ஹெர்ட்ஸைப் பொறுத்தது.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதானால் கிளாசிக்கும் சில்வியாவும்தான் என் முதல் தேர்வு, எல்லா பாகமும் ஸ்க்ரூ கழற்றி மாற்றக்கூடியவை. ஆறிக் கிடக்கும் நிலையில் போய்ப் பாருங்கள். முன்னாலேயே சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள். ஆன் செய்ததும் ஈஎல்சிபி (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்தால் ஹீட்டரில் மின்சாரம் கசிகிறது, விட்டுவிட்டு வாருங்கள். போர்ட்டாஃபில்டர் விளிம்பில் தண்ணீர் வழிந்தால் ரப்பர் வாஷர்தான், சில நூறு ரூபாய் வேலை, அதைச் சொல்லி விலை குறைக்கலாம். தூளின்மேல் தண்ணீர் இறங்கும் மேல் சல்லடையின் ஸ்க்ரூவைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கழலாமல் இறுகியிருந்தாலோ, பின்னால் வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்திருந்தாலோ அவர்கள் ஊற்றிய தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.