பிராக்டிகலில் டிஃப்ரன்ஷியல் வந்தால்

ஐடிஐயில் மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் ட்ரேடு படிக்கிறவர்கள் பிராக்டிகலுக்கு இன்ஜினைத்தான் விழுந்து விழுந்து படிப்பார்கள். ரியர் ஆக்சிலில் இருக்கும் டிஃப்ரன்ஷியல் (வண்டி திரும்பும்போது இரண்டு பின்சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் கியர் தொகுதி) பக்கம் வந்ததும் கிரவுன் வீல் என்ற பெரிய கியர், அதைச் சுழற்றும் சிறிய பினியன், சன் கியர், ஸ்டார் கியர் என்று பெயர்களை ஒப்பிப்பதோடு சரி. பெயர் சொன்னால் பாஸ் ஆகிவிடலாம். ஆனால் பிரித்ததைத் திரும்பச் சேர்த்துவிட்டு நிமிரும்போது, "செட்டிங் சரியென்று எப்படிச் சொல்கிறாய்?" என்று எக்ஸாமினர் கேட்பார். மார்க் பிரிவது அங்கேதான். நான் பாஸ் ஆகி, இப்போது ரியர் வீல் டிரைவ் வண்டிகள் அதிகம் வரும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறேன். இங்கேயும் அன்றாடம் அதே கேள்விதான், கேட்பவர் மட்டும் வண்டிக்காரர்.

ஸ்பேனரை எடுக்கும் முன் செய்ய வேண்டியவை சில உண்டு. இரண்டு பேரிங் கேப்புகளிலும் சென்டர் பஞ்சால் அடையாளம் போடுங்கள். இடதும் வலதும் மாறினால் பேரிங் சரியாக உட்காராது. பிரிப்பதற்கு முன் இருக்கும் பேக்லாஷை (கிரவுன், பினியன் பற்களுக்கு நடுவே விடும் சிறு இடைவெளி) அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கிரவுனிலும் பினியனிலும் ஒரே ஜோடி எண் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் ஜோடியாகத்தான் தேய்த்துப் பொருத்தியிருப்பார்கள், ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. இதையெல்லாம் நீங்கள் பாட்டுக்குச் செய்வதைப் பார்த்தாலே எக்ஸாமினரின் முகம் கொஞ்சம் தெளியும்.

செட்டிங் மொத்தம் நான்கு: பினியன் ஆழம், பினியன் பேரிங் ப்ரீலோடு (பேரிங்குக்கு முன்கூட்டியே கொடுக்கும் இறுக்கம்), பேக்லாஷ், சைடு பேரிங் ப்ரீலோடு. பினியன் வேலையை முடித்துவிட்டுத்தான் கிரவுனுக்கு வர வேண்டும். காரணம் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: அட்ஜஸ்டிங் நட்டு உள்ள ஆக்சிலில் கிரவுனை அந்த நட்டாலேயே நகர்த்திக்கொள்ளலாம், பினியனின் ஷிம்மை (ஆழத்தைத் தீர்மானிக்கும் மெல்லிய தகடு) மாற்றவோ எல்லாவற்றையும் திரும்பக் கழற்றிப் பேரிங்கையும் இழுக்க வேண்டும்.

ப்ரீலோடு பார்க்கும்போது பினியனைச் சுழற்றிக்கொண்டே டார்க் ரென்சில் அளவைப் படியுங்கள். அசைக்கத் தொடங்கும்போது வரும் எண் கணக்கில்லை. புது பேரிங் என்றால் பல சிறு வண்டிகளில் 2 முதல் 3 நியூட்டன் மீட்டர் வரும், ஓடிய பேரிங்குக்கு ஏறக்குறைய பாதி. அந்த வண்டியின் மேனுவல் சொல்வதுதான் முடிவு. உள்ளே நசுங்கும் ஸ்பேசர் இருந்தால் நட்டைத் துளித்துளியாக இறுக்குங்கள். அளவு தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்தி ஒப்பேற்ற முடியாது, புது ஸ்பேசர்தான் போட வேண்டும்.

பேக்லாஷுக்கு டயல் கேஜின் முனை கிரவுன் பல்லின் வெளி ஓரத்தில், பல்லுக்குச் செங்குத்தாக உட்கார வேண்டும். பினியன் அசையாமல் பிடித்துக்கொண்டு கிரவுனை முன்னும் பின்னும் ஆட்டினால், பெரும்பாலான சிறு வண்டிகளில் 0.15 முதல் 0.20 மி.மீ. காட்ட வேண்டும். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள், சுற்றி நான்கு இடத்தில் பாருங்கள். 0.05 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் கிரவுன் கோணலாக ஓடுகிறது என்று அர்த்தம். கிரவுனுக்கும் கேஸுக்கும் நடுவே சிக்கிய ஒரு துளி பிசிறே அதற்குப் போதும். அளவை மாற்றும்போது ஒரு பக்க நட்டை எத்தனை காடி (நட்டின் ஓர வெட்டு) தளர்த்துகிறீர்களோ, மறுபக்கம் அத்தனை காடி இறுக்க வேண்டும். அப்போதுதான் சைடு பேரிங் ப்ரீலோடு மாறாது.

அப்புறம்தான் பல் அச்சு. மூன்று நான்கு பற்களில் ப்ரஷியன் ப்ளூவை (பற்கள் தொடும் இடத்தைக் காட்டும் நீலப் பசை) மெல்லிசாகத் தடவுங்கள். கெட்டியாக அப்பினால் எல்லாப் பல்லும் நல்ல பல்லாகத்தான் தெரியும். ஒருவர் கிரவுனை மரக்கட்டையால் லேசாக அழுத்தி லோடு கொடுக்க, நீங்கள் பினியனை இரண்டு பக்கமும் சுற்றுங்கள். ப்ளூ விலகி உலோகம் பளபளக்கிற இடம்தான் அச்சு. ஹீல், டோ, ஃபேஸ், ஃப்ளாங்க் என்று படம் படமாக மனப்பாடம் செய்தால் பரீட்சை அறையில் எல்லாம் கலங்கிவிடும். நான் வைத்துக்கொண்ட கணக்கு ஒன்றுதான்: அச்சின் உயரம் பினியனைக் கேட்கிறது, நீளவாக்கு கிரவுனைக் கேட்கிறது. அச்சு பல்லின் உச்சிப் பக்கமான ஃபேஸில் விழுந்தால் பினியன் கிரவுனுக்குத் தூரமாக இருக்கிறது, வேர்ப் பக்கமான ஃப்ளாங்கில் விழுந்தால் மிக அருகில் இருக்கிறது. வெளி முனையான ஹீல் பக்கம் ஒதுங்கினால் கிரவுனைப் பினியனை நோக்கி நகர்த்துங்கள், உள் முனையான டோ பக்கம் ஒதுங்கினால் விலக்குங்கள். ஒன்றைத் தொட்டால் மற்றதும் கொஞ்சம் அசையத்தான் செய்யும், அதனால் ஷிம் மாற்றிய ஒவ்வொரு முறையும் பேக்லாஷைத் திரும்பப் பிடிக்க வேண்டும்.

ஐடிஐ ஷெட்டில் இருக்கும் யூனிட் பல பேட்ச் கைபட்டுத் தேய்ந்தது. அதில் படத்தில் இருப்பது போன்ற அச்சு வராது. அதற்காக மணிக்கணக்கில் மல்லுக்கட்டாமல், "பழைய ஜோடி சார், தேய்மானம் தெரிகிறது" என்று காட்டிச் சொல்லிவிடுவதே மேல்.

வைவாவில் பழுது கேட்டால் சத்தம் எப்போது வருகிறது என்பதில் தொடங்குங்கள். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் ஊளையிட்டால் பல்லின் டிரைவ் பக்கம், காலை எடுத்ததும் வந்தால் அதற்கு எதிரான கோஸ்ட் பக்கம். மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி உறுமினால் பேரிங். திரும்பும்போது மட்டும் வந்தால் ஸ்டார் கியர், த்ரஸ்ட் வாஷர், கிராஸ் பின்னைப் பாருங்கள். வீல் பேரிங்கும் அப்படி ஏமாற்றும். வண்டி கிளம்பும்போது 'டக்' என்றால் உடனே டிஃப்ரன்ஷியலைக் குறை சொல்லாதீர்கள், முதலில் யுனிவர்சல் ஜாயின்ட்டை ஆட்டிப் பாருங்கள். ரோடு மாறினால் சத்தமும் மாறுகிறதா? அது டயர். ஆயில் சீல் அடிக்கடி கசிந்தால் ப்ரீதர் (ஆக்சிலின் உள் அழுத்தம் வெளியேறும் காற்று வழி) அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புது சீல் போடுங்கள். ஆயில் எது என்றால் ஜிஎல்-5 (அதிக அழுத்தம் தாங்கும் கியர் ஆயில் தரம்) என்பதோடு காரணத்தையும் சொல்லுங்கள்: ஹைப்பாய்டு வகை கியரில் பினியன் கிரவுனின் மையத்துக்குக் கீழே இருப்பதால் பற்கள் உருளுவதோடு வழுக்கவும் செய்கின்றன, சாதாரண ஆயில் படலம் அந்த அழுத்தத்தில் கிழிந்துவிடும்.

பிரிக்காமலே ரேஷியோ (கிரவுன் ஒரு சுற்று வரப் பினியன் எத்தனை சுற்று வருகிறது என்ற விகிதம்) கண்டுபிடிக்கச் சொல்வதும் உண்டு. நியூட்ரலில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, அதை இரண்டு சுற்று சுற்றினால் கிரவுன் ஒரு சுற்று சுற்றும். அதற்குள் பினியனோடு இணைந்த புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று வந்ததோ அதுதான் ரேஷியோ. நான்கு சுற்றும் இன்னும் கொஞ்சமும் வந்தால் 41 பல் கிரவுன், 10 பல் பினியன், 4.1 என்று வரலாம். பிரித்த யூனிட் கையில் இருந்தால் பல்லை எண்ணி வகுத்துவிடுங்கள். விடைக்குப் பக்கத்தில் அலகு எதுவும் எழுதிவிடாதீர்கள், அதற்கும் மார்க் குறைப்பவர்கள் இருக்கிறார்கள்.